மெர்பாவ் தரையைக் கரையான் தின்னுமா, தின்னாதா?

செந்தூல்காரன்: "மலேசியாவில் மரத்தரை போடுவது கரையானுக்குச் சோறு போடுவது, டைல்ஸ்தான் சரி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் வந்தது. செந்தூலில் எங்கள் அப்பா வீட்டுத் தரை மெர்பாவ் என்ற கெட்டி மரத்தின் பலகை. நான் பிறக்கும் முன்பே போட்டது. ஒரு பலகைகூட இன்னும் போகவில்லை. மெர்பாவைக் கரையான் தொடாது.

பாயான்_லெப்பாஸ்: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கரையான் தொடாத மரம் இந்த நாட்டில் கிடையாது. பினாங்கில் டைல்ஸ் பதிக்கிற தொழில் எனக்கு. எத்தனை வீட்டில் பார்க்கெட் மரத்தரையைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டியிருக்கிறேன் தெரியுமா?

செந்தூல்காரன்: டைல்ஸ்காரர் டைல்ஸைத்தானே புகழ்வார். நீங்கள் பெயர்த்தது வைரம் பாய்ந்த நடுக்கட்டையா, பட்டையை ஒட்டிய வெளிறா? வெளிறைத்தான் தின்னும்.

மீனா_பிரிக்பீல்ட்ஸ்: அண்ணே, எந்த மரத்தரையைச் சொல்கிறீர்கள்? அசல் பலகையா, லேமினேட்டா? லேமினேட்டுக்குள் இருப்பது அழுத்திய மரநார். தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். நான் கொண்டோவுக்குத்தான் பார்க்கிறேன்.

பாயான்_லெப்பாஸ்: போர்சலின் டைல்ஸ் போடுங்கள் தங்கச்சி. 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. மெர்பாவைக் கரையான் தின்னும். அதைத் தின்னாவிட்டாலும் அடியில் இருக்கும் பிளைவுட்டைத் தின்னும். மேலே பலகை இருக்கும், கீழே வெறும் மண்.

செந்தூல்காரன்: பிளைவுட்டைத் தின்றால் அது பிளைவுட்டின் குறை. மெர்பாவைத் தொட்டதா? இல்லை. உங்கள் டைல்ஸ் மட்டும் என்ன? என் தங்கை வீட்டு ஹாலில் நடுராத்திரி படீரென்று வெடித்து, கூரை மாதிரி எழும்பி நின்றது.

பாயான்_லெப்பாஸ்: இடைவெளி விடாமல் சுவரோடு முட்டிப் பதித்தால் எழும்பத்தான் செய்யும். விரிய இடம் வேண்டாமா? அது பதித்தவன் தப்பு.

செந்தூல்காரன்: டைல்ஸ் எழும்பினால் பதித்தவன் தப்பு, பலகை போனால் மட்டும் மரத்தின் தப்பா? இது என்ன நியாயம்?

பழைய_தச்சன்: மெர்பாவில் வேறு தொல்லையும் உண்டு. ஈரம் பட்டால் பழுப்புச் சாறு கசிந்து, பக்கத்துச் சிமெண்டெல்லாம் கறை பிடிக்கும்.

செந்தூல்காரன்: அதை யார் கேட்டது? கரையான் தின்னுமா என்பதுதான் பேச்சு. தின்னாது.

பாயான்_லெப்பாஸ்: இவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் தண்ணீர்த் தொட்டி விவாதத்திலும் சொன்னதையே சொல்லி எல்லோரையும் விரட்டினார்.

செந்தூல்காரன்: அதில் பாதியில் ஓடியது நீங்கள். சரி, வைரம் பாய்ந்த மெர்பாவைக் கரையான் அரித்த படம் ஒன்று போடுங்கள்.

பாயான்_லெப்பாஸ்: வாடிக்கையாளர் வீட்டைப் படமெடுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை.

செந்தூல்காரன்: படம் இல்லையா? அப்படியென்றால் தின்னவில்லை.