உதவி: வீட்டில் ஐபிவி4-ஐ அணைத்தபின் பாதித் தளங்கள் திறக்கவில்லை

பசுமலைவாசி: நேற்றிரவு ரவுட்டரில் ஐபிவி4-ஐ (பழைய இணைய முகவரி முறை) அணைத்து, வீடு முழுவதையும் புதிய முறையான ஐபிவி6-க்கு மாற்றினேன். கூகுளும் யூடியூபும் ஓடுகின்றன. வங்கித் தளம் திறக்கவில்லை, மாடியிலுள்ள கேமராப் பெட்டியும் செத்துக் கிடக்கிறது. காலையில் மகளுக்கு இணைய வகுப்பு இருக்கிறது. விரைவாக உதவுங்கள்.

அனுப்பானடி: எந்த ரவுட்டர்? அணைத்தது வெளி இணைப்பிலா, வீட்டின் உட்பக்கத்திலா? தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் எது?

செல்லூரான்: எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) சிக்கலேதான். பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஈ இணைப்பில் வழக்கமாக 1500 பைட் கிடையாது, 1492தான். ஐபிவி6-இல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பொட்டலத்தை உடைக்காமல், 'அளவு பெரிது' என்று ஐசிஎம்பி எனும் அறிவிப்புச் செய்தியைத் திருப்பி அனுப்பும். அதை யாராவது தடுத்திருந்தால் பக்கம் பாதியில் நின்றுவிடும்.

பசுமலைவாசி: மன்னிக்கவும். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள், உட்பக்கத்தில் மட்டுமே அணைத்தேன். கூகுளின் டிஎன்எஸ்64 போட்டிருக்கிறேன், அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மாசிவீதி மூத்தவர்: அதுதானே தம்பி விஷயமே! இந்த அடிப்படையைக்கூடப் படிக்காமல் சுவிட்சை அணைப்பவர்களுக்கு எத்தனை முறைதான் எழுதுவது? ஐபிவி6 இல்லாத தளத்துக்கு டிஎன்எஸ்64 விலாசம் மட்டுமே எழுதித் தரும். பழைய முகவரியின் 32 பிட்டை, 64:எஃப்எஃப்9பி எனத் தொடங்கும் முகவரியின் வாலில் வைத்துக் கொடுக்கும். அங்கே போகும் பொட்டலத்தை வாங்கி ஐபிவி4-ஆக மாற்ற நேட்64 வேண்டும். அது உங்களிடம் இல்லை.

திருநகர்: வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே வெளி விலாசத்தில் காட்டும் நேட்டே இல்லாத வீடு, வாசற்கதவைத் திறந்து போட்ட வீடு. எனக்கு இந்த மாற்றமே பிடிக்கவில்லை.

மாசிவீதி மூத்தவர்: கதவைப் பூட்டுவது ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்), நேட் விலாசத்தைத்தான் மாற்றுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திருநகர்: அந்த ஃபயர்வாலை எத்தனை வீட்டில் சரிபார்க்கிறார்கள் ஐயா? நேட் இருந்தவரை, தெரியாதவர்களுக்கும் ஒரு மறைப்பு இருந்தது.

அனுப்பானடி: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பசுமலைவாசி, உங்கள் ரவுட்டரிலேயே ஜூல் என்ற மென்பொருளை நிறுவி நேட்64 அமைக்கலாம், வெளி இணைப்பில் ஐபிவி4 இருப்பதால் அதுவே போதும். உட்பக்கத்தில் ஐபிவி4-ஐ மறுபடி இயக்கி, கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபி-யில் 108-ஆம் விருப்பத்தைச் சேருங்கள். 2020-இல் வந்த ஏற்பாடு இது. புரிந்துகொள்ளும் கைப்பேசிகள் பழைய முகவரியைத் தாமே வேண்டாமென்று விட்டுவிடும், புரியாத கேமராப் பெட்டி அதையே பிடித்துக்கொண்டு ஓடும்.

பசுமலைவாசி: ஜூல் போட்டாயிற்று, 108-உம் சேர்த்தேன். வங்கித் தளம் திறக்கிறது, கேமராவும் வந்துவிட்டது. நன்றி.

செல்லூரான்: ஐபிவி4 தலைப்பு 20 பைட், ஐபிவி6 தலைப்பு 40, ஐபிவி4-இலிருந்து ஐபிவி6-ஆக மாற்றும்போது பொட்டலம் 20 பைட் பெருகும். எம்டியூ-வையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.