ஃப்ரீ என்பதற்கு 'அழி' வேண்டாம், 'விடுவி' போதும்

வணக்கம்,

கணினிச் சொற்களைத் தமிழாக்கும்போது, நிரல் வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ (free) செயற்கூறுக்கு 'நினைவகத்தை அழி' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சி மொழியில் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) ஸ்டர்டப் (strdup) கொண்டு புது இடத்தில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் ஃப்ரீ செய்தால் அந்த இடம் மறுபடி ஒதுக்கீட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். எழுத்துகள் அங்கேயே கிடக்கும். லினக்ஸில் வழக்கமாக உள்ள சி நூலகமான ஜிலிப்சியில் (glibc) முதல் சில பைட்டுகளின் மேல் ஒதுக்கீட்டுக் கணக்கு எழுதப்படலாம், மீதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் சுவரில் பிள்ளைகள் கிறுக்கியது இருக்குமே, அந்த மாதிரி.

அந்தச் சரம் கடவுச்சொல்லாக இருந்தால்? விடுவிக்கும் முன் அதைப் பூச்சியத்தால் நிரப்பியாக வேண்டும். இடத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டை (memset) மட்டும் போட்டால், அப்புறம் யாரும் இதைப் படிக்கப் போவதில்லையே என்று நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடக்கூடும். அதனால்தான் 2017இல் ஜிலிப்சி 2.25 பதிப்பில் அப்படித் தூக்கப்படாமல் நிரப்பும் எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோ வந்தது, சி23 தரத்தில் மெம்செட் எக்ஸ்ப்ளிசிட் சேர்ந்தது. 'அழித்தல்' இந்த வேலைக்குத்தான் பொருந்தும். ஃப்ரீக்கு அதைக் கொடுத்துவிட்டால் இதை என்னவென்று சொல்வோம்? தமிழில் படிக்கிற மாணவர் அழித்தாயிற்று என்று நம்பி, கடவுச்சொல்லை நினைவகத்திலேயே விட்டுவிட்டுப் போவார்.

அடுத்து டேங்ளிங் பாயின்டர், அதாவது விடுவித்த இடத்தின் முகவரியை இன்னும் வைத்திருக்கும் சுட்டி. 'தொங்கும் சுட்டி' என்றால் எதில் தொங்குகிறது என்றே புரியவில்லை. நான் சொல்வது 'காலாவதிச் சுட்டி'. முகவரி அதே எண்தான், அதைத் தொடும் உரிமை முடிந்துவிட்டது. வடசொல் என்று ஆட்சேபம் வரும், தெரியும். இதே அளவு சட்டென்று புரிகிற தமிழ்ச்சொல்லை யாராவது தந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம்.

விடுவித்த கையோடு சுட்டியை வெற்றாக்குவதற்கு, அதாவது எந்த இடத்தையும் காட்டாத நல் (NULL) மதிப்பை அதில் வைப்பதற்குப் 'பாதுகாப்பான விடுவிப்பு' என்று பெயர் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வெற்றுச் சுட்டியை ஃப்ரீ செய்தால் எதுவும் நடக்காது என்று தரமே சொல்வதால், அந்தச் சுட்டி வழியாக இரட்டை விடுவிப்பு (ஒரே இடத்தை இருமுறை விடுவிக்கும் பிழை) வராது, சரி. ஆனால் அதே முகவரியை வைத்திருக்கும் மற்றச் சுட்டிகள் காலாவதியாகவே இருக்கும், அவற்றுள் ஒன்றை மறுபடி ஃப்ரீ செய்தால் நிரல் கவிழக்கூடும். 'விடுவித்து வெற்றாக்கல்' என்று நடப்பதை மட்டும் சொன்னால் போதும். ரஸ்ட் மொழி வேறு வழியில் போகிறது: ஒரு சரத்துக்கு ஒரே உடைமையாளர், அவருடைய எல்லை, அதாவது அந்த மாறி செல்லுபடியாகும் நிரல் பகுதி, முடிந்தால் இடம் தானாக விடுவிக்கப்படும். அங்கேயும் 'விடுவி' இடறாமல் பொருந்துகிறது, 'அழி' பொருந்தவில்லை.