சயாம் ரயில்பாதை பார்க்கப் போறோம், பெரிய தாத்தாவுக்கு எங்கே பூ வைக்கிறது?

மல்லிகா:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, சயாமிலிருந்து (இன்னிக்குத் தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில்பாதை போட, எங்க தாத்தாவோட அண்ணனை 1943-ல மலாயாவுல பேராக் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரங்க ஏத்திட்டுப் போனாங்க. நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொன்னாங்களாம். அவர் திரும்பல. செத்தாரா இருக்காரான்னே தெரியாததால, தீபாவளிப் படையல்ல அவருக்கு வேட்டி வைக்கக் கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் விடலை.

அடுத்த மாசம் அப்பாவோட, அந்தப் பாதை போற தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போறேன், ரெண்டு நாள் பயணம். அப்பாவுக்கு 72 வயசு. அங்கே இருக்கிற கல்லறைத் தோட்டத்துல பெரிய தாத்தா பேரைத் தேடலாமா? போனவங்க சொல்லுங்க.

சேகர்:
தங்கச்சி, நான் மூணு தடவை போயிருக்கேன். முதல்லயே சொல்லிடறேன், அப்பா அங்கே போய் ஏமாந்து நிக்கக்கூடாது. ஊர் நடுவுல இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்காங்க, எல்லாம் ஜப்பான்காரங்க பிடிச்சு அந்தப் பாதையில வேலை வாங்கின போர்க்கைதிகள்: பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சுக்காரங்க. நம்ம தோட்டத்து ஆளுங்க பேரை அங்கே தேடாதீங்க.

காரணம் இருக்கு. கைதிகளுக்குள்ள அதிகாரி, டாக்டர் எல்லாம் இருந்தாங்க. யார் எங்கே செத்தாங்கன்னு ஒளிச்சு வச்சாவது எழுதினாங்க. போர் முடிஞ்சதும் அந்தக் குறிப்பை வச்சுத் தோண்டி எடுத்து முறையா அடக்கம் பண்ணாங்க. நம்ம ஆளுங்களுக்கு எழுதி வைக்க யாருமில்லை. வாந்திபேதி வந்த முகாம்கள்ல மொத்தமாப் புதைச்சாங்க, எரிச்சாங்க. 415 கிலோமீட்டர் பாதையில செத்த கைதிகள் 12,000-க்கு மேல. ஆசியத் தொழிலாளிகள் சுமார் 90,000 பேர்னு மதிப்பிடறாங்க. தமிழர், மலாய்க்காரர், பர்மாக்காரர், ஜாவாக்காரர் எல்லாரும் அதுல அடக்கம்.

பூவை தவோர்ன் வராராம் கோயிலுக்குக் கொண்டு போங்க. அந்தத் தொழிலாளிகளோட எலும்புகளை அடக்கம் பண்ணின தூபி அங்கே இருக்கு. நான் போனப்ப வளாகத்துல ஒரு அம்மா கூட்டிக்கிட்டு இருந்தாங்க. என் கையில பூவைப் பார்த்ததும் விளக்குமாறைச் சாத்தி வச்சுட்டு, ஒண்ணும் கேக்காம ஒரு செம்புல தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. பெரிய தாத்தா பேரை அங்கே வாய்விட்டுச் சொல்லுங்க. நான் என் பாட்டனார் பேரைச் சொன்னேன்.

அந்தப் பாதைக்காகக் க்வாய் ஆத்து மேல கட்டின பாலத்துக்குப் பக்கத்துல, ஜப்பான் ராணுவமே 1944-ல கட்டின நினைவுச்சின்னம் ஒண்ணு இருக்கு. அதுல தமிழ் எழுத்தும் இருக்கு. நிறைய பேர் பாலத்துல படம் எடுத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க, நீங்க அவசியம் பாருங்க. பாலத்துல வளைவா இருக்கிற இரும்புச் சட்டங்கள்தான் அன்னிக்குப் போட்டது. நடுவுல கோணமா நிக்கிற ரெண்டும் குண்டுவீச்சுல விழுந்ததுக்குப் பதிலா பின்னாடி வச்சது.

வாணி:
ஹெல்ஃபயர் பாஸ், அதாவது ரயில்பாதைக்காகப் பாறையைக் கையால வெட்டின இடம், அதைப் பத்தி மட்டும் சொல்றேன். அருங்காட்சியகத்துல இருந்து வெட்டுப்பாறைக்கு நிறையப் படி இறங்கணும், திரும்பி ஏறவும் வேணும். முட்டி வலி இருந்தா அப்பா மேலேயே உட்கார்ந்து கண்காட்சியைப் பார்க்கட்டும், அதுவே நிறைய சொல்லும். இறங்க முடிஞ்சா காலையில சீக்கிரம் போங்க, வெயிலும் கூட்டமும் இருக்காது. ஒருத்தர் உளியைப் பிடிக்க இன்னொருத்தர் சம்மட்டியால அடிச்சு, அப்படித்தான் பாறையில துளை போட்டிருக்காங்க. துளைக்கிற கம்பி ஒண்ணு உடைஞ்சு இன்னமும் பாறைக்குள்ளேயே நிக்குது. அதைத் தொட்டதும் எனக்குப் பேச்சே வரலை.

கல்லறைத் தோட்டத்தையும் விட்டுடாதீங்க. பையன்களா இருந்திருக்காங்க, வயசை எல்லாம் பொறிச்சிருக்கு.

மல்லிகா:
சேகர் அண்ணே, நீங்க எழுதினதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், “பேரோட அவங்க அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லணும்”னார். ஒரு வேட்டியும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கார். அதைக் கோயில்ல வைக்க விடுவாங்களா?

சேகர்:
அங்கே இருக்கிற பிக்குகிட்ட கேளுங்க. நான் போனப்ப நல்லபடியாத்தான் நடத்தினாங்க. எதுக்கும் தாய் மொழியில ரெண்டு வரி எழுதி வாங்கி வச்சுக்குங்க. அப்புறம், காஞ்சனபுரியிலிருந்து அந்தப் பழைய பாதையில நாம் டோக் ஊருக்குப் போற ரயில்ல இடப்பக்கம் உட்காருங்க. ஆத்தோரம் பாறையை ஒட்டி மரப்பாலம் வரும், வண்டி மெதுவா ஊர்ந்து போகும். அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைங்க.