புதுப்பிப்பு: சுத்திகரிப்பு நிலைய வெளியேற்றக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கொழும்புக்குப் பக்கத்தில் சபுகஸ்கந்தவில் இருப்பது போன்ற ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பசுங்குடில் வாயுக் கணக்கில் எவ்வளவு ஐயம் இருக்கும் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் ஒரே சதவீதமாகச் சொல்லச் சொன்னீர்கள். அப்படிச் சொல்ல முடியாது.

உலை எரிபொருளின் அளவில் 3, உமிழ்வுக் காரணியில் (ஓர் அலகு எரிபொருளுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்) 5 சதவீத ஐயம் என்று வைப்போம். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த ஐயம் சுமார் 5.8 சதவீதம். சரி, இது பரவாயில்லை. ஆனால் வால்வுக் கசிவில், ஒரு வால்வுக்கு இவ்வளவு கசியும் என்ற காரணியே 100 சதவீதம் ஆடினால், வால்வுகளைத் துல்லியமாக எண்ணியும் பயனில்லை.

அப்புறம், இந்தச் சூத்திரம் கூடியும் குறைந்தும் வரும் தற்செயல் பிழைக்கு மட்டுமே; கணக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதை இது காட்டாது. அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையின் மெதேன் அரசு மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் என்றது 2018இல் வந்த ஓர் ஆய்வு. வழக்கத்துக்கு மாறான இயக்கத்தின்போது வெளியேறுவது கணக்கில் விழாததே காரணமாகலாம் என்றார்கள். கசிவை நேரில் அளந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.