போர்முனையில் இருந்தவருக்குப் பதிவு இல்லை: தமிழக எல்லையோர ஊர்களிலிருந்து சில அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

என் மாமனார் 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். சீனப் போருக்குப் பிறகு ஆளெடுப்பு மும்முரமாக நடந்த காலம். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறியவர், உயரமும் மார்பளவும் தேறியதும் அப்படியே ரயிலேறிவிட்டார். வீட்டுக்குக் கடிதம்தான் வந்தது. லாரி டிரைவராக இருந்து 1979-இல் பென்ஷனோடு திரும்பினார். பட்டாளத்துக் கதை சொல்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

படையினர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் பென்ஷனை மாற்றியபோதுதான் டிஸ்சார்ஜ் புத்தகம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அக்ஷயா என்ற கேரள அரசு இணையச் சேவை மையத்தில் வரிசையில் காத்திருந்த நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் புத்தகத்தையும் இவருடையதையும் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவருடையதில் பதக்கப் பக்கத்தில் பஷ்சிமி ஸ்டார் இருந்தது. மாமாவுடையதில் 1965 போருக்கான ரக்ஷா மெடலும், 1971 போர்க்காலப் பணிக்குப் பொதுவாகத் தரும் சங்கிராம் மெடலும் இருந்தன, பஷ்சிமி ஸ்டார் இல்லை. 1971 போரில் மேற்கு முனையில் களத்துக்குள் இருந்தவர்களுக்கு உரிய வெண்கல நட்சத்திரம் அது. கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். "நீங்கள் அங்கே போகவில்லையா மாமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

மேற்கு முனையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் வரை சக்திமான் லாரியில் பீரங்கிக் குண்டு ஏற்றிக்கொண்டு போனவர் அவர். ஷகர்கர் பகுதியில் கண்ணிவெடி வயலுக்கு நடுவே வழி வெட்டிக் கொடுத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருக்கும், விளக்குப் போடாமல் அந்த நாடாவைப் பார்த்தே ஓட்ட வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் என் மனைவிக்கே தெரியாத செய்தி. பிறகு சொன்னார்: "பதக்கம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. நான் போகவே இல்லை என்றல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள்? அதை மாற்று."

என்ன நடந்திருக்கிறது என்றால், அவருடைய சொந்த யூனிட் அந்த டிசம்பரில் போர்முனைக்கு வெகு பின்னால் இருந்தது. டிரைவர் பற்றாக்குறை என்று இவரை வண்டியோடு இன்னொரு யூனிட்டுக்குத் தற்காலிகமாக, அதாவது அட்டாச்மெண்டில், அனுப்பினார்கள். போர் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். 1972-இல் யூனிட் பஞ்சாபுக்குப் போனது, எல்லோரோடும் சேர்த்து இவருக்கும் சங்கிராம் மெடல் வந்தது. அட்டாச்மெண்டில் போனதற்கு மட்டும் பார்ட் டூ ஆர்டர் போடப்படவில்லை.

பட்டாளத்து வீடுகளில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் சேர்ந்தது, மாறியது, கல்யாணம், குழந்தை, ஆஸ்பத்திரி என எல்லாவற்றையும் யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். ரிக்கார்டு ஆபீஸ் அதைப் பார்த்து, ஷீட் ரோல் என்கிற அவருடைய பணிப் பதிவேட்டில் ஏற்றும். பென்ஷன், பதக்கம், டிஸ்சார்ஜ் புத்தகம் எல்லாம் அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான். ஆகவே பதக்கத்துக்கு மனுப் போட்டுப் பயனில்லை. பதக்கப் பிரிவு ரிக்கார்டு ஆபீசைக் கேட்கும், அவர்கள் ஷீட் ரோலைத் திறந்து பார்த்து "அவ்வாறு பதிவு இல்லை" என்று ஒரு வரி எழுதுவார்கள். எங்களுக்கும் முதலில் வந்தது அந்த ஒரு வரிதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, ஷீட் ரோல் நகலும் மருத்துவ ஆவணங்களின் நகலும் கேட்டேன். மருத்துவ ஆவணத்தையும் கேள் என்று சொன்னவர் சித்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். கொங்கன் படையை விரட்டியதை ஆண்டுதோறும் திருவிழாவாகக் கொண்டாடும் ஊரில் இருந்துகொண்டு கொங்கு நாட்டுப் பக்கத்துக்காரனுக்கு உதவுகிறேன் பார் என்று சிரிப்பார் மனிதர்.

வந்த கட்டில், மங்கிய கார்பன் எழுத்தில் ஒரு சீட்டு. 1971 டிசம்பர் தேதி. போர்முனையை ஒட்டிய சாம்பா அருகே ஒரு ஃபீல்டு ஆம்புலன்ஸ், அதாவது கள மருத்துவ யூனிட். நோய்: பேதி. இரண்டு நாள் வைத்திருந்து வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் இருந்தவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திணித்தார். "போர்முனையில் எனக்குப் பேதி என்று டில்லிக்கு எழுதப் போகிறாயா?" மூன்று மணி நேரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அவர் சாம்பாவில் இருந்தார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான். பின்வரிசையில் இருந்த யூனிட்டின் டிரைவருக்குச் சாம்பாவில் என்ன வேலை? அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மனுவை எழுதினோம். வீரம், தியாகம் என்று ஒரு சொல் கூடப் போடவில்லை.

சித்தூர், ஆந்திரம்

மேலே சித்தூர் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. உங்கள் சித்தூர் வேறு, எங்கள் சித்தூர் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் முன்பின்னாக இருந்துவிட்டால் வடக்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்னாள் படைவீரர் ஒருவருக்கு உரிய பதிவுத் தபால் எங்கள் தெருவில் அதே பெயருள்ள என் தந்தைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே படைவீரர் எண் வேறு, தந்தை பெயர் வேறு. உறையில் பின்கோடே இல்லை. அப்பா தபால்காரரைக் கூப்பிட்டு, உங்கள் சித்தூரின் பின்கோடான 678101 என்பதைத் தன் கைப்பட எழுதித் திருப்பி அனுப்பினார். எங்களுடையது 517001. எழுதுகிறவர்கள் மாநிலத்தையும் பின்கோடையும் விடாதீர்கள். படைவீரர் எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதுங்கள். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், எண் ஒருவருக்குத்தான்.

நகரி, சித்தூர் மாவட்டம்

நான் சொல்லப்போவது என் சொந்தக் காலைப் பற்றி.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்கிரம் தொடங்கியது. போர் நடக்கவில்லை. ஆனால் எல்லை நெடுக நாங்கள் கண்ணிவெடி புதைத்தோம், பிறகு அதைத் தோண்டி எடுத்தோம். எடுக்கும்போதுதான் எனக்கு நேர்ந்தது. மணல் காற்றில் நகர்ந்துவிடும். வரைபடத்தில் ஓரிடம், கண்ணி வேறோரிடம். இடது பாதம் போயிற்று.

வெளியே அனுப்பும்போது ஊனப் பென்ஷன் கொடுத்தார்கள். காகிதத்தில் "பிசிக்கல் கேஷுவல்டி", அதாவது போர் சாராத பாதிப்பு என்று இருந்தது. தறி ஓட்டி வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லின் எடை அன்று எப்படித் தெரியும்? உயிரோடு வந்ததே பெரிது என்று கையெழுத்துப் போட்டேன். பல வருடம் கழித்து, என்னைப்போலவே அடிபட்ட நண்பர் ஒருவருக்குப் "பேட்டில் கேஷுவல்டி" என்று பதிவாகி, போர்க்காயப் பென்ஷன் வருவதை அறிந்தேன். இரண்டுக்கும் நடுவே மாதாமாதம் வருகிற பணத்தில் பெரிய வித்தியாசம். பணத்தை விட்டாலும், எதிரி குண்டு படவில்லை என்பதால் நான் பள்ளத்தில் கால் இடறி விழுந்தவனுக்குச் சமம் என்று அர்த்தமாகிறது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் 31-1-2001 தேதியிட்ட கடிதம் ஒன்று உண்டு. அதில் 'இ' பிரிவைப் படியுங்கள். போர் ஆயத்தத்துக்காகக் கண்ணி புதைக்கும்போதோ அகற்றும்போதோ எல்லைப் பகுதியில் நடக்கும் வெடிப்பும் போர்க்காயக் கணக்கில் சேரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எதிரி வைத்த கண்ணியா நம்முடையதா என்ற பேச்சே இல்லை. என் வழக்குக்கு உயிர் கொடுத்தது அந்தக் கடிதமும், விபத்துக்குப் பிறகு யூனிட் நடத்திய "கோர்ட் ஆஃப் என்கொயரி" என்ற உள்விசாரணையின் அறிக்கையும். "கண்ணி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தபோது" என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அது இல்லாவிட்டால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மேல்முறையீடுகள் தள்ளுபடியான பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனேன். 2007 சட்டத்தின்படி அமைந்த நீதிமன்றம் அது. இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். பென்ஷன் மாதாமாதம் வருவதென்பதால் அநீதியும் மாதாமாதம் தொடர்கிறது என்று கொள்வார்கள். ஆகவே கதவை முழுவதுமாக மூடுவதில்லை. ஆனால் பழைய பாக்கி, வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. இதைத் தெரிந்துகொண்டு தள்ளிப்போடாமல் போங்கள்.

எங்கள் ஊரில் இன்னும் சிலர், பக்கத்துப் புத்தூரில் கட்டுப் போட்டிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார்கள். கண்ணிவெடி என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படி விளக்குவது?

வாளையார்

என் அம்மாவின் விஷயம் சின்னது, ஆனால் அதுதான் அதிகம் பேருக்கு வரும். அப்பாவின் ஷீட் ரோலில் அம்மாவின் பெயர் வேறு மாதிரி இருந்தது. அம்மாவைப் பார்த்திராத, தமிழ் அறியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வீட்டுப்பெயரோடு இன்னொன்று. அப்பா இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அவர் போனதும் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் கிடைக்காமல் நின்றது.

கேரளத்தில் இதற்கு வழி இருக்கிறது. "ஒன் அண்ட் சேம்" சான்றிதழ் என்று வில்லேஜ் ஆபீசில் தருகிறார்கள், அக்ஷயாவில் விண்ணப்பிக்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசர் விசாரித்துக் கையெழுத்திடுவார். எங்கள் பள்ளிச் சான்றிதழ் தமிழில் இருந்தது, அதை மட்டும் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அப்பாவின் காலத்திலேயே இதைச் செய்திருந்தால் அவருடைய ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குப்பம்

எல்லோரும் கிடைத்ததையே எழுதுகிறீர்கள். என் தந்தைக்கு 1965 போரில் சேனா மெடல் என்ற வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரை போனது என்று அவருடைய கம்பெனி அதிகாரியே வாயால் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரியும் இன்று இல்லை. அந்தப் போரின் களத்தில் இருந்தவர்களுக்கான சமர் சேவா ஸ்டார் மட்டும்தான் வந்தது. மூன்று தோழர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி அனுப்பினோம். "காலம் கடந்துவிட்டது, மறுபரிசீலனைக்கு இடமில்லை" என்று பதில். உயிரோடிருக்கும் சாட்சியை விடப் பேதிச் சீட்டு பெரிதா? கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: என் பெரியப்பாவும் பட்டாளத்தில் இருந்தார், பென்ஷன் இல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டார். அவருடைய காகிதமே இல்லை என்கிறார்கள். அது உண்மையாக இருக்குமா?

கொழிஞ்சாம்பாறை

கோபம் ஏன் வருகிறது, ஐயா. நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. சமர் சேவா ஸ்டார், பஷ்சிமி ஸ்டார் போன்றவை அந்த இடத்தில் அந்த நாளில் இருந்தவனுக்கு உரிமையாக வருபவை. இருந்தேன் என்று காட்டினால் கொடுத்தே தீர வேண்டும். சேனா மெடல், வீர் சக்ரா இவையெல்லாம் பரிந்துரை மேலே போய், ஒவ்வொரு மட்டத்திலும் நிறுத்துப் பார்த்து, கடைசியில் தருவதும் தராததும் அவர்கள் முடிவு. பரிந்துரை போனாலும் உரிமை பிறப்பதில்லை. தீர்ப்பாயமும் அதில் கைவைக்கத் தயங்குகிறது. எனக்கும் இது பிடித்தமில்லை. பரிந்துரைத்த காகிதம் எந்த மேசையில் நின்றது என்பதையாவது மகனுக்குச் சொல்லலாம் அல்லவா? யூனிட்டின் போர் நாட்குறிப்பில் அந்த நாளைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதக்கம் வராவிட்டாலும் உங்கள் தந்தை செய்தது அங்கே ஒரு வரியாக இருக்கலாம்.

பெரியப்பா விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கும். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது விதி. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு உண்டு, அது நிரந்தரமாக இருக்கும். எண், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் போன்றவை அதில் இருக்கும். "ஆவணம் தாருங்கள்" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "லாங் ரோல் பதிவின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். படைவீரர் எண் தெரியாவிட்டால் பழைய மணியார்டர் சீட்டு, கடித உறை எதிலாவது இருக்கும். வீட்டில் பதக்கம் ஏதேனும் கிடந்தால் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், எண்ணையும் பெயரையும் அங்கே பொறித்திருப்பார்கள்.

மாமாவுக்குப் பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, ஷீட் ரோலில் பதிவு ஏறிவிட்டது. நகல் வந்திருக்கிறது. நட்சத்திரம் தனியாக வரும் என்று எழுதியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. கடையில் விற்கும் மாதிரி ஒன்றை வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "காசு கொடுத்து வாங்குவதற்கா அத்தனை காகிதம் எழுதினாய்?" என்று கேட்டார். பேதிச் சீட்டை மட்டும் பேரப்பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.