ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி ட்ரம்ஸ்: பீட் வருது, கை ஒத்துழைக்க மாட்டேங்குது

பேக்பீட்:
எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் படிக்கும்போது ஒரு பேண்ட்ல வாசிச்சிட்டு இருந்தேன், அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைங்கன்னு ட்ரம் கிட்டை மூட்டை கட்டி வச்சது தான், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப எல்லாத்தையும் இறக்கி தூசி தட்டி செட் பண்ணிட்டேன். உட்கார்ந்த உடனே சாதா 4/4 பீட் தானா வந்துடுச்சு, எனக்கே ஆச்சரியம். ஆனா கொஞ்சம் ஸ்பீடு ஏத்தினா வலது முன்கை இறுகிப் போயிடுது, இடது கையில டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையில அடுத்தடுத்து ரெண்டு அடி) போட்டா ரெண்டாவது அடி கேக்கவே மாட்டேங்குது, ஃபில் (பீட்டுக்கு நடுவுல போடற சின்ன அலங்காரம்) போட்டுட்டு பீட்டோட முதல் எண்ணிக்கைக்கு திரும்பும்போது பாட்டை விட நான் முன்னாடி போய் நிக்கிறேன்.

முதல்ல இருந்து பேசிக்ஸ் ஆரம்பிக்கணுமா, இல்ல பழைய பாட்டுங்களை வாசிச்சிட்டே இருந்தா சரியாகிடுமா? கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல லேசா வலிக்குது, அது சகஜமா? அப்புறம் இப்ப இருக்கறது அபார்ட்மென்ட், கீழ் வீட்டுக்காரங்களை நினைச்சாலே பயமா இருக்கு.

ரிம்ஷாட்_மாமா:
தம்பி, பீட் தானா வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, சிக்கலே அங்க தான். மூளைக்கு பழைய ஸ்பீடு நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா கை அந்த ஸ்பீடுக்கு இப்ப தயாரா இல்ல. தசை கூட சீக்கிரம் பழகிடும், தசைநாண் பழகறதுக்கு அதை விட ரொம்ப நாள் எடுக்கும், அதனால ரெண்டு மூணு வாரத்துல "ஆஹா பழைய ஃபார்ம் வந்துடுச்சு"ன்னு தோணும்போது தான் நிறைய பேர் கையை கெடுத்துக்கிறாங்க.

முன்கை இறுகுதுன்னா ஸ்டிக்கை நசுக்கிப் பிடிக்கிறீங்கன்னு அர்த்தம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற இடத்துல ஸ்டிக் ஆடணும், அங்க பிடி லூசா தான் இருக்கணும். மத்த மூணு விரலும் ஸ்டிக்கை விட்டு விலகக்கூடாது, அதுக்காக இறுக்கவும் கூடாது, சும்மா தொட்டுட்டு இருந்தா போதும். ஒரு டெஸ்ட் பண்ணுங்க: ஸ்நேர் (முன்னாடி நடுவுல இருக்கற ட்ரம்) மேல ஒரே ஒரு அடி போட்டுட்டு கையால எதுவும் செய்யாம விட்டுடுங்க, ஸ்டிக் தானா நாலஞ்சு தடவை துள்ளணும். ஒரு துள்ளலோட செத்துடுச்சுன்னா பிடி டைட்.

உங்க இடது கை டபுள் ஸ்ட்ரோக்கும் இதே கதை தான். முதல் அடி மணிக்கட்டுல, ரெண்டாவது அடி துள்ளி வர்ற ஸ்டிக்கை விரலால மடக்கிப் போடறது. ரெண்டையும் மணிக்கட்டாலயே போடப் பார்த்தா ஸ்லோவா இருக்கறவரைக்கும் ஓடும், ஸ்பீடுல ரெண்டாவது செத்துடும். மெதுவா ரெண்டாவது அடிக்கு வேணும்னே அக்சென்ட் (கூடுதல் அழுத்தம்) குடுத்து பழகுங்க.

மெட்ரோனோமை 60 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 60 க்ளிக்) வச்சு ஒரு க்ளிக்குக்கு நாலு அடி, சிங்கிள் ஸ்ட்ரோக் (கை மாத்தி மாத்தி ஒவ்வொரு அடி), டபுள் ஸ்ட்ரோக், பாராடிடில் (வ இ வ வ, இ வ இ இ; வ வலது, இ இடது), ஸ்டிக் நுனி ரெண்டு இன்ச்சுக்கு மேல தூக்காம. போர் தான், நான் இல்லைன்னு சொல்லல. ருடிமெண்ட் (இந்த மாதிரி அடிப்படை அடி வரிசை) 40 இருக்குன்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க, அதுல பாதியை இப்போதைக்கு மறந்துடுங்க, இந்த மூணும் சுத்தமா வந்தா ஃபில்லுல முக்காவாசி அடங்கிடும்.

வலி விஷயம்: தசை களைச்சுப் போய் சூடா எரியுற மாதிரி இருந்தா ஸ்டிக்கை வச்சிட்டு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். சுருக்குன்னு குத்தற வலி, மரத்துப் போறது, ஊசி குத்தறது இதெல்லாம் வந்தா அன்னைக்கு வாசிப்பு முடிஞ்சுது. அடுத்தடுத்த நாளும் கட்டைவிரல் பக்கம் வலி நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, இங்க எங்க யார்கிட்டயும் கேக்காதீங்க.

கோஸ்ட்நோட்:
மாமா சொல்றது எல்லாம் கரெக்ட் தான் ஆனா ஒன்னு சேர்த்துக்கறேன், வெறும் ப்ராக்டிஸ் பேட்லயே உட்கார்ந்து வ இ வ வ போட்டுட்டு இருந்தா மறுபடி கிட்டு மூட்டைக்குள்ள தான் போகும் ப்ரோ. கை வார்ம் ஆகற வரைக்கும் பேட், மிச்ச நேரம் பாட்டு. ஆனா காலேஜ்ல வாசிச்ச வேகமான பாட்டுங்களை இப்ப தொடாதீங்க, 80–90 பிபிஎம்ல ஃபில் கம்மியா இருக்கற பாட்டா பார்த்து எடுங்க. அதுல ஹைஹாட் (பெடல் வச்ச ஜோடி சிம்பல்) ஒரே அளவு சத்தமா கேக்குதான்னு மட்டும் கவனிங்க, அதுவே பெரிய வேலை.

ஃபில்லுல முன்னாடி ஓடறதுக்கு: வாய் விட்டு எண்ணுங்க, ஃபில் போடும்போதும் "ஒன் டூ த்ரீ ஃபோர்" நிக்கக்கூடாது. கூச்சமா இருக்கும், பரவாயில்ல. அது பழகினதும் மெட்ரோனோம் ஆப்ல ரெண்டு பார் (ஒன்னுல இருந்து நாலு வரைக்கும் எண்ணினா ஒரு பார்) க்ளிக், ரெண்டு பார் சைலன்ஸ் வச்சு வாசிங்க. சைலன்ஸ் முடிஞ்சு க்ளிக் வரும்போது எங்க நிக்கிறீங்கன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க, அன்னைக்கே கேட்டா எல்லாம் நல்லா தான் இருக்கும் 😄

மெஷ்_ஹெட்:
அபார்ட்மென்ட்ல சிக்கல் கிக் (காலால மிதிச்சு வாசிக்கிற பெரிய ட்ரம்) தான். ஸ்நேர், சிம்பல் சத்தம் காத்துல போறது, மெஷ் ஹெட்டும் (தோலுக்கு பதிலா வலை) லோ வால்யூம் சிம்பலும் போட்டா நல்லா குறையும். கிக் அப்படி இல்ல, பெடல் மிதிக்கிற அதிர்வு தரை வழியா நேரா கீழ் வீட்டு சீலிங்குக்கு இறங்கும், எலக்ட்ரானிக் கிட் வாங்கினாலும் அந்த அதிர்வு இருக்கும். சாதா கார்ப்பெட் போட்டா போதும்னு நினைக்காதீங்க, ஸ்பிரிங் மாதிரி அமுங்கற ரப்பரோ ஃபோமோ வச்சு மேல பலகை போட்டு கிட் மொத்தத்தையும் அதுல ஏத்தணும். அதுக்கு முன்னாடி கீழ் வீட்டுக்குப் போய் எந்த நேரம் அவங்களுக்கு ஓகேன்னு கேட்டுடுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடியும்.

பழைய ஹெட்டை (ட்ரம் தோல்) மாத்திடுங்க, ஸ்நேர்ல அடிக்கிற பக்க ஹெட் மட்டுமாவது. நசுங்கி குழி விழுந்த ஹெட்டுல துள்ளல் சரியா கிடைக்காது, பழியை கை மேல போடுவீங்க. மாத்தும்போது ஒரு லக் (ஹெட்டை இறுக்கற ஸ்க்ரூ) டைட் பண்ணினா அடுத்து எதிர்ப்பக்க லக், வரிசையா சுத்திட்டு போகாதீங்க.

காது! 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் தான் கேக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு. 100 டெசிபல்ல அது 15 நிமிஷம் தான், மூடின ரூம்ல அகூஸ்டிக் கிட் அதை சாதாரணமா தாண்டும். மியூசிஷியன் இயர்ப்ளக் போடுங்க, சாதா ஃபோம் ப்ளக்ல கீச்சு சத்தம் (ஹைஸ்) ரொம்ப அடங்கி சிம்பல் மந்தமா கேக்கும், ஆனா ஒன்னுமில்லாததுக்கு அதுவும் ஓகே.

பேக்பீட்:
மாமா, அந்த துள்ளல் டெஸ்ட் பண்ணேன், வலது கை அஞ்சு, இடது ரெண்டு தான் 😭 பிடியை லூஸ் பண்ணினா ஸ்டிக் நழுவிப் போகுது. ஸ்டிக் 5பி சைஸ், கனமா இருக்கறதால இருக்குமோ? ஹெட் ஆர்டர் போட்டாச்சு. இன்னொன்னு, கிக் போடும்போது தொடை மேல்பக்கம் சீக்கிரம் வலிக்குது.

ரிம்ஷாட்_மாமா:
நழுவறது நல்ல அறிகுறி தான், கொஞ்ச நாள் கீழ விழட்டும். 5பி கொஞ்சம் தடிமன், 5ஏ எடுத்துப் பாருங்க, 7ஏ இப்ப வேணாம், ரொம்ப லேசா இருந்தா கை மறுபடி இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். தொடைக்கு முதல்ல த்ரோன் (உட்கார்ற ஸ்டூல்) உயரத்தைப் பாருங்க, இடுப்பு முட்டியை விட கொஞ்சம் மேல இருக்கணும். சின்ன வயசுல தாழ்வா உட்கார்ந்து வாசிச்சிருப்பீங்க, அந்த உயரத்துலயே இன்னும் லாக் பண்ணி இருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் குதிகாலை எப்பவும் தூக்கியே வச்சிருக்காதீங்க, ஸ்லோ பாட்டுக்கு குதிகாலை பெடல்ல வச்சே மிதிச்சுப் பழகுங்க. அப்படி மிதிச்சா முட்டிக்குக் கீழ கால் முன்பக்கம் முதல்ல வலிக்கும், ரெண்டு நாள் என்னைத் திட்டுவீங்க.