சர்க்கரை இல்லாத கேக் ரப்பர் மாதிரி வருகிறது, ஏன்? (ஓடிஜி மின் அடுப்பு, டைப் 2 சர்க்கரை நோய்)

மொட்டைமாடி எழுதியது:

வீட்டுப் பெரியவருக்கு டைப் 2 சர்க்கரை. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு சின்ன கேக், மற்ற நாளில் டீயோடு ஒன்றிரண்டு பிஸ்கட், அவ்வளவுதான் தேவை. வழக்கமான கோதுமை மாவு கேக்கில் 150 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு, அதே இனிப்புக்குச் சுக்ரலோஸ் (சர்க்கரைக்குப் பதிலான செயற்கை இனிப்பு) பொடி போட்டால் கேக் உயர்வதே இல்லை. இழுத்தால் ரப்பர், மேலே நிறமும் பிடிக்கவில்லை. கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்கிறார்கள் உறவினர்கள். 28 லிட்டர் ஓடிஜி இருக்கிறது. முட்டை சாப்பிடுவார். என்ன செய்யலாம்?

வெண்ணெய்ச்சட்டி எழுதியது:

கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லைங்க. மாவில் இருக்கும் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்வதால் குளூட்டன் (கோதுமை மாவில் இழுவை தரும் புரதம்) இறுகாது. முட்டையும் ஸ்டார்ச்சும் கெட்டியாகும் சூட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அந்த இடைவெளியில்தான் கேக் எழும்புகிறது. மேலே பிடிக்கும் நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு. 150 கிராம் பொருளை எடுத்துவிட்டு ஒரு சிட்டிகைப் பொடி போட்டால் இந்த வேலைகளைச் செய்ய ஆள் இல்லை. ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) போட்டாலும் இதே கதைதான்.

இரண்டாவது விஷயம் மாவு. கோதுமை, கேழ்வரகு, மைதா எதுவானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் கார்ப் (மாவுச்சத்து). சர்க்கரையை மட்டும் நீக்கினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் பிஸ்கட்டிலும் இதே சிக்கல். உள்ளே மைதா, இனிப்புக்கு மால்டிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால். மால்டிடால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவும் செய்யும், அதிகம் தின்றால் வயிற்றையும் கலக்கும்.

அதனால் பாதாம் மாவும் எரித்ரிட்டாலும் (இதுவும் சர்க்கரை ஆல்கஹால்தான், ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது). 6 அங்குல டின்னுக்கு: பாதாம் மாவு 200 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 80 கிராம், முட்டை 3, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம், தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி அல்லது எலுமிச்சைத் தோல் துருவல். எரித்ரிட்டால் சர்க்கரையில் 70 சதவீதம்தான் இனிக்கும், ஆகவே இது அடக்கமான இனிப்பு.

ஓடிஜியை இரண்டு ராடும் போட்டு 160 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்கள். மஞ்சள் கருவோடு வெண்ணெய், தயிர், எரித்ரிட்டாலைக் கலந்து, மாவும் பேக்கிங் பவுடரும் சலித்துச் சேர்க்கவும். வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து மூன்று தவணையாக மடித்துக் கலக்கவும். குளூட்டன் இல்லாத மாவுக்கு இந்த நுரைதான் தூக்கிப் பிடிக்கும் தூண், இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் கேக் சப்பை. பட்டர் பேப்பர் போட்ட டின்னில் ஊற்றி 35 முதல் 40 நிமிடம். பாதாம் மாவு கேக்கின் மேல்பக்கம் சீக்கிரம் கருகும், 20 நிமிடம் கழித்து ஃபாயில் மூடுங்கள். குச்சி சுத்தமாக வந்தாலும் முழுக்க ஆறும்வரை வெட்டாதீர்கள், சூட்டில் வெட்டினால் உதிரும். நடுவில் குழி விழுந்தால் உள்ளே வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது.

எட்டுத் துண்டு போட்டால் ஒன்றில் நார் நீக்கி 3 கிராம் அளவுதான் கார்ப் (எரித்ரிட்டாலைக் கணக்கில் சேர்க்கவில்லை). ஆனால் சுமார் 230 கலோரி இருக்கும். இரண்டு துண்டு வேண்டாம்.

பனங்காடு எழுதியது:

பாதாம் விலைக்கு யார் செய்வது? பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துப் போட்டால் ஈரப்பதமும் வரும், இயற்கை இனிப்புதானே.

இஞ்சித்துவையல் எழுதியது:

பதம் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் பேரீச்சையில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு கேக்குக்கு 150 கிராம் போட்டால் எட்டில் ஒரு துண்டுக்கு 11, 12 கிராம் அதிலிருந்தே வந்துவிடும், மாவின் கணக்கு தனி. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம் எல்லாம் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், தேன் குளூக்கோஸும் ஃபிரக்டோஸும். இரத்தம் நிறத்தைப் பார்ப்பதில்லை.

பாதாம் செலவு என்பது நியாயம். அதற்கு வழி, சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் இருக்கும் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது. பேக் செய்த கஸ்டர்ட் அப்படி. அதில் கட்டுமானம் முழுக்க முட்டையுடையது, கையில் இருக்கும் சுக்ரலோஸே போதும். 300 மில்லி பாலை ஆவி வரும்வரை சூடாக்கி, 8 டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான சுக்ரலோஸைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், நுரை வராமல் கலக்கிய 2 முட்டையும் ஒரு மஞ்சள் கருவும் இருக்கும் கிண்ணத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வடிகட்டி நான்கு பீங்கான் கிண்ணங்களில் நிரப்பி, ட்ரேயில் வைத்து, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர். ஃபாயில் மூடி 150 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம். ஆட்டினால் நடு மட்டும் தளதளக்க வேண்டும், அப்போதே எடுத்துவிடுங்கள். சிறு சிறு ஓட்டை விழுந்து தண்ணீர் பிரிந்தால் சூடு அதிகம். கிண்ணத்துக்குப் பாலின் லாக்டோஸ் மூன்றரை கிராம்தான். மேலே ஜாதிக்காய் துருவுங்கள்.

அஸ்பார்டேம் மாத்திரை மட்டும் இதற்கு வேண்டாம், சூட்டில் இனிப்பு போய்விடும். ஸாஷே வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். பருமனுக்காக டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்த பிராண்டுகள் உண்டு, இரண்டுமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

மொட்டைமாடி எழுதியது:

கஸ்டர்ட் இந்த வாரமே. இரண்டு சந்தேகம். எரித்ரிட்டால் ஆறியதும் நறநறக்கும், நாக்கில் சில்லென்று இருக்கும் என்கிறார்களே? டீ பிஸ்கட்டை முட்டை இல்லாமல் செய்ய முடியுமா, வீட்டில் இன்னொருவர் சைவம்.

வெண்ணெய்ச்சட்டி எழுதியது:

நறநறப்புக்குக் காரணம் அது ஆறும்போது மறுபடி படிகமாவது. ஈரமே இல்லாத மிக்சி ஜாரில் மாவாகப் பொடித்துப் போட்டால் பெருமளவு குறையும். சில்லிப்பை முழுக்கப் போக்க முடியாது. அளவில் கால்வாசியைக் குறைத்து ஈடாகத் துளி ஸ்டீவியா சேர்த்தால் மட்டுப்படும், ஸ்டீவியா கூடினால் கசக்கும். காபி, இஞ்சி, ஏலக்காய் போன்ற அழுத்தமான வாசனை இதை மறைக்கும்.

பிஸ்கட்டுக்கு முட்டை வேண்டாம். பாதாம் மாவு 150 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 40, மிருதுவான வெண்ணெய் 40, உப்பு, சுக்கு. பிசைந்து அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, 12 உருண்டை தட்டி 155 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், தட்டிலேயே ஆறினால்தான் இறுகும். மாவை வீட்டில் அரைத்தால் மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓடினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். பாதாம் மாவுக்குப் பதில் தேங்காய் மாவை அதே அளவுக்குப் போடவே கூடாது, ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். சர்க்கரை இல்லாததால் கேக் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், ஃப்ரிட்ஜில் நான்கு நாள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

சமையல் பகுதியில் சேர்க்க ஒன்றுமில்லை. மாத்திரையைப் பாருங்கள். கிளிமிப்பிரைடு வகை (இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை) என்றால், சாப்பாட்டுக்குப் பதிலாக இந்தக் கேக்கைக் கொடுக்கக் கூடாது, கார்ப் போதாமல் ரத்தச் சர்க்கரை தாழலாம். அப்படித் தாழ்ந்தால் வீட்டில் இருக்கும் இனிப்பு என்று இதை ஊட்டினால் பயன் இல்லை, குளூக்கோஸ் பொடிதான் வேண்டும். வோக்லிபோஸும் (குடலில் மாவுச்சத்து, சர்க்கரை செரிப்பதை மெதுவாக்கும் மாத்திரை) சேர்த்து எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை கூட மெதுவாகத்தான் ஏறும், அவர்களுக்குக் குளூக்கோஸைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாதாமின் பொட்டாசியம், பாஸ்பரஸ் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். முதல் முறை சாப்பிடும்போது முன்னால் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குளூக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். அதோடு வேறு பலகாரம் எதுவும் சேர்க்காத நாளாகப் பார்த்துக் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.